தெருமுனைக்கு அப்பால் கிடைத்த காசுகள்

நைனா வேலை பார்த்த கம்பெனியின் கேட்டில், ஷிப்டு முடிந்து வெளியே வருகிறவர்களைத் தடவிப் பார்க்க ஒரு கருவி இருந்தது. துடுப்பு மாதிரி இருக்கும். உலோகம் கிட்டே வந்தால் கத்தும். கைப்பிடி விரிசல் விட்டதால் ஒதுக்கிய ஒன்றை, சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு எனக்குக் கொண்டுவந்தார். நான் நான்காம் வகுப்பு. அம்மா இறந்து ஒரு மழைக்காலம் முடிந்திருந்தது.

நைனாவுக்கு நைட் ஷிப்டு, பகலில் தூங்குவார். விடுமுறை நாட்களில் நான் வீட்டுக்குள் செய்யக்கூடாதவை: டிவி போடுவது, பாத்திரம் தேய்ப்பது, வாய்விட்டுப் படிப்பது. பீரோவுக்கு எதிரே கருவி ஒருமுறை கத்தியதும், கண்ணைத் திறக்காமலே, "வெளிய எட்த்துக்கினு போ கண்ணு" என்றார்.

கவரைப்பேட்டையில் எங்கள் தெரு சிமெண்டு போட்டது. முனையைத் தாண்டினால் ஏரிக்கரைக்குப் போகும் மண்பாதை. காசெல்லாம் அங்கேதான் கிடைத்தன. கிரிக்கெட் ஆடும் பையன்கள், "ஏய் செக்யூரிட்டி, எங்கள செக் பண்ணலயா?" என்பார்கள். நான் பதில் சொல்லமாட்டேன். சொன்னால் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள் என்றால் சொல்லியிருப்பேன்.

ஒவ்வொரு காசுக்கும் நோட்டில் ஒரு வரி. மின்கம்பத்திலிருந்து எத்தனை தப்படி, பாதைக்கு இடமா வலமா, காந்தத்தில் ஒட்டுகிறதா. பிறகு கழுவினேன். புளித்தண்ணீரில் ஊறவைத்து, உப்பு போட்டு, குளியலறையில் யாரும் எடுக்காமல் கிடந்த பச்சை டூத் பிரஷால் தேய்த்தேன். பித்தளை நிறக் காசுகள் உடனே மின்னின. வெள்ளைக் காசுகளில் மண் போயிற்று, விளிம்புக் கறை போகவில்லை. அதற்கு விபூதி. நைனா எழுந்து இதையெல்லாம் பார்த்தால் ஒரு நாளாவது என்னோடு பாதைக்கு வருவார் என்று நினைத்தேன்.

சாயங்காலம் எழுந்தார். காசுகளைக் கிடைத்த வரிசைப்படி செய்தித்தாளின் மேல் அடுக்கி வைத்திருந்தேன்.

"எங்க எட்த்த இதெல்லாம்?"

நோட்டைக் காட்டினேன். படமும் போட்டிருந்தேன்: மின்கம்பம், பாதை திரும்பும் இடம், ஏரிக்கரை. புள்ளிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின.

"யாரோ ஜோபில ஓட்டையோட நடந்து போய்க்கிறாங்க நைனா."

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று பயந்தேன். "நல்லாத்தான் வெளக்கிகீற" என்றார். காசுகளை அள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "வா, போய்க்கினு வரலாம்" என்றார்.

மண் தொடங்கியதும் ஒவ்வொன்றாகக் கீழே விட்டபடி நடந்தார். இது என்ன விளையாட்டு என்று எனக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. கருவியோடு பின்னாலேயே போனேன். கத்திய இடத்தில் எடுத்து, ஓடிப்போய் அவர் பையில் போட்டேன். அவர் தடுக்கவில்லை. மறுபடி விட்டார். மறுபடி எடுத்தேன். அம்மா போனபிறகு நான் அவ்வளவு சிரித்தது அன்றைக்குத்தான்.

ஏரிக்கரை மேட்டில் நின்றுவிட்டார். "இதுக்கு மேல வாணாம்."

"பேட்டரி இன்னும் கீது நைனா" என்றேன்.

அம்மாவை எடுத்துப்போன அன்று, பக்கத்து வீட்டு அக்கா என்னை உள்ளே உட்காரவைத்து, கதவைச் சாத்தி, டிவி போட்டிருந்தார். பொரியும் சில்லறையும் இறைத்துக்கொண்டே போவார்கள் என்று எனக்குத் தெரியாது. எத்தனையோ பேரைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன பாதை அது. அம்மாவுக்காக இறைத்தவை எவை என்று பிரிக்க நோட்டில் கட்டம் இல்லை. அவளை எந்த வழியாகக் கொண்டுபோனார்கள் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. அதைத் தப்படி தப்படியாக அளந்து வைத்திருந்தேன்.