குழியில் மூன்று ஆண்டுகள்

அந்த அனுபவச் சான்றிதழில் நிரப்ப வேண்டிய முக்கியமான இடம் ஒன்றுதான். ‘தரைக்கு அடியில் வேலை செய்த காலம்’ என்ற வரிக்கு எதிரே மூன்று ஆண்டுகள் என்று எழுதினேன். என் மனைவியின் தம்பி எங்கள் சுரங்கத்தில் இறங்கத் தொடங்கி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது.

வடக்கே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் நான் மேலாளராக இருந்தேன். எங்கள் ஊர்ப்பக்கம், கருங்கல் என்னும் ஊரில் கல்குவாரியில் பாறை உடைத்துக்கொண்டிருந்த மைத்துனனை அங்கே வரவழைத்தவனும் நானே. சுரங்கத்தின் ஒரு பகுதிக்குப் பொறுப்பான ஆளைச் சர்தார் என்பார்கள். தொழிலாளிகளை உள்ளே விடுமுன் காற்றையும் கூரையையும் சோதித்து, ‘போகலாம்’ என்று சொல்ல வேண்டியவர் அவர். அதற்கு அரசு உரிமம் வேண்டும். முதலுதவித் தேர்விலும் வாயுச் சோதனைத் தேர்விலும் அவன் நேர்மையாகவே தேறினான். சட்டம் கேட்கும் மூன்றாண்டு அனுபவம் மட்டும் இல்லை.

“கல்லுக்குழியில அஞ்சு வருசம் நின்னவனாக்கும் நான்” என்றான். “குழின்னா குழிதானே அத்தான். ஒங்க குழிக்குக் கூரை உண்டு, எங்க குழிக்கு இல்ல. வேற என்ன?”

சிரித்தேன். அந்தக் கூரைக்காகத்தான் சட்டம் அத்தனை ஆண்டுகள் கேட்கிறது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கையெழுத்திட்டேன். ஊர்க்காரன், வீட்டுக்காரியின் தம்பி, கெட்டிக்காரன். எனக்கு அது போதுமாக இருந்தது.

பாறை உடைப்பவர்கள் காதை நம்புகிறவர்கள். சுத்தியல் பட்டுக் ‘கிண்’ணென்றால் கல் முழுசு, ‘மொத்’தென்றால் உள்ளே விரிசல். மைத்துனன் அந்தக் காதோடுதான் சுரங்கக் கூரையையும் தட்டினான். ஆனால் கனத்த பாறைப் பாளம் ஒன்று மேலடுக்கிலிருந்து பிரிந்து நின்றாலும் சில வேளை ‘கிண்’ணென்றே ஒலிக்கும். அதனால் ஒரு கையால் தட்டும்போது மறுகை விரல்களைக் கூரையில் பதித்து அதிர்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இது புத்தகத்தில் இருக்கிறது, அவனும் படித்திருந்தான். அந்தக் கை தானாக மேலே போவதற்குத்தான் ஆண்டுகள் வேண்டும். ஒரு நாள் காலை அவன் தட்டினான், காது கொடுத்துக் கேட்டான், ஆட்களை உள்ளே விட்டான். கூரையிலிருந்து பாளம் ஒன்று பிரிந்து விழுந்து, கரி அள்ளும் தொழிலாளி ஒருவர் அதன் அடியில் இறந்தார்.

விசாரணையில் மைத்துனனின் அனுபவத்தைப் பற்றி அதிகாரி என்னிடம் கேட்டார். சான்றிதழில் உள்ளது சரி என்றேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, மறுத்துப் பேசவும் இல்லை. அவனுடைய உரிமத்தை ரத்து செய்தார்கள். வெளியே வந்ததும், “அத்தான், ஒரு சாயா குடிப்பமா” என்றான். அடுத்த வாரமே ஊருக்குத் திரும்பிப் பழைய வேலைக்குப் போனான். சென்ற ஆண்டு இறக்கும்வரை என்னிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை.

நாங்கள் இப்போது ஊர்ப்பக்கம் திரும்பி வந்து கோட்டாற்றில் இருக்கிறோம். இதுவரை எழுதியதை நேற்று மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அழுவாள், இல்லையென்றால் ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“அவன் சொல்லி எனக்கு அப்பமே தெரியும். நீங்க எப்ப சொல்லுவியன்னுதான் பாத்துட்டிருந்தேன்” என்றாள். சற்றுக் கழித்து, “செத்துப்போனவருக்குப் பிள்ளைய உண்டுமா?” என்று கேட்டாள்.

விபத்து அறிக்கையை நிரப்பியவன் நான். இறந்தவரின் குடும்பத்தைப் பற்றிய கட்டத்தையும் என் கையாலேயே நிரப்பியிருப்பேன். அதில் என்ன எழுதினேன் என்பது நினைவில் இல்லை. தெரியாது என்றேன்.