கோயிலுக்கு மேலே நின்றவள்

பனையேறியின் மனைவியை மூன்று மணிக்கே பாறைமேல் ஏற்றி நிறுத்திவிட்டேன். சூரியன் அடைய இன்னும் மூன்று மணி நேரம் கிடந்தது. மாசி வெயிலில் பாறை கொதித்தது, அவள் வெறுங்காலோடு நின்றாள். நான் செருப்புப் போட்டிருந்ததால் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

மகாராஜா ஆண்ட காலம். பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. எனக்கு நெய்யாற்றின்கரை கச்சேரியில் சின்ன குமாஸ்தா வேலை. பெரிய அதிகாரி ஒருவர் மாற்றலாகிப் போகவிருந்தார். அந்தி வானத்தில் பட்டணம் முழுவதும் வரிசையாகத் தெரியும்படி ஒரு படம் பிடித்து அவருக்குக் கொடுத்தால், போகிற போக்கில் என்னை ஒரு படி ஏற்றிவிடுவார் என்று கணக்குப் போட்டேன். பட்டணம் என்று நாங்கள்தான் மெச்சிக்கொள்வோம். கோயில் கூரை, கச்சேரி ஓடு, மாதா கோயில் சிலுவை, பிறகு தென்னை, தென்னை, தென்னை.

ஆனாலும் அந்தப் படத்துக்காக நாலு மாதம் அலைந்தேன். ஆற்றுக்குக் கிழக்கே இருந்த பாறைதான் சரியான இடம். கார்த்திகையில் சூரியன் கச்சேரிக்குப் பின்னால் இறங்கியது, மாசியில் கோயிலுக்கு நேரே வந்தது. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டில் சிவப்பு வெளிச்சம் சரியாக ஏறாது. வானம் சிவக்கும்முன் படப்பெட்டியின் மூடியைத் திறந்து, பத்து எண்ணி, மூடிவிட வேண்டும். கையில் ஒரே ஒரு தகடுதான் மிச்சம்.

பெட்டியையும் முக்காலியையும் சுமந்து வந்தவன் எங்கள் பனைகளில் ஏறுகிறவன். அவன் கூலி கேட்கவில்லை. "ஏமானே, இவளையும் அதுல ஒண்ணு பிடிக்கணும். படத்த எனக்குத் தரண்டாம், ஒரு தடவ காட்டுனா மதி" என்றான். முன்னால் ஓர் ஆள் நின்றால் படத்துக்கு ஆழம் வரும் என்று எனக்கும் தோன்றியது. வெளிச்சம் பின்னால் இருப்பதால் முகம் விழாது, வெறும் கறுப்பு உருவம்தான் விழும் என்பது எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சொன்னால் அவளைக் கூட்டிக்கொண்டு போயிருப்பான்.

"அனங்காம நிக்கணும், அனங்குனா படத்துல விழமாட்டா" என்று மட்டும் சொன்னேன். அவள் அசையவில்லை. ஆறு மாதப் பிள்ளை வயிற்றில் இருந்தது, அப்படியும் அசையவில்லை.

படம் நன்றாக வந்தது. பெருமை தாங்காமல் முதல் பிரதியைப் பெரியப்பாவிடம் நீட்டினேன். பார்த்தவர் முகம் மாறிவிட்டது.

"எலே மக்கா, இது ஆராக்கும்?"

"பனையேறிக்க பெண்டாட்டி."

"தல எங்க நிக்குதுண்ணு பாரு. கோயிலுக்க உச்சித் தாழிகக்குடத்துக்கும் மேலயாக்கும் நிக்கா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலு மாதம் சூரியனை அளந்தவன் அவள் தலையை அளக்கவில்லை. கோயிலைச் சுற்றியுள்ள வழியில் கால் வைக்கக்கூடாதவள், என் படத்தில் கோயிலுக்கு மேலே நிமிர்ந்து நின்றாள். இதை அதிகாரி கையில் கொடுத்தால் உத்தியோகம் ஏறுவதிருக்கட்டும், இருக்கிறதும் போய்விடும்.

அந்தப் பிரதியைக் கிழித்துப் போட்டுவிட்டு, அவளைத் தகட்டிலிருந்தே எடுத்துவிட்டேன். தகட்டில் எல்லாம் மாறி விழும்; வானம் கறுப்பாக இருக்கும், கறுப்பு உருவம் வெறும் கண்ணாடியாக இருக்கும். அந்தக் கண்ணாடியில் சிவப்பு மையை நிரப்பினால், பிரதி எடுக்கும்போது ஆள் இருந்த இடம் வானமாகிவிடும். மெல்லிய தூரிகையால் தலை, தோள், உந்திய வயிறு என்று ஒவ்வொன்றாக மூடினேன். கைவேலை நேர்த்தியாக அமைந்ததில் எனக்குத் திருப்தி என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதிகாரி படத்தை வெகுவாகப் புகழ்ந்தார். சித்திரையில் எனக்கு உத்தியோகம் ஏறியது.

வைகாசியில் பிரசவத்தில் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். பதினாறு கழிந்து அவன் வந்தான். முற்றத்துக்கு வெளியே, வேலியோரம் நின்றான்.

"ஏமானே, அந்தப் படம். ஒரு தடவ."

அவள் இல்லாத படத்தைத்தான் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். கையில் கொடுக்கவில்லை. அவன் மூலைக்கு மூலை தேடினான்.

"இதுல அவ எங்க?"

"விழல்ல. அனங்கியிருப்பா" என்றேன்.

"அனங்கல்ல ஏமானே. நான் கண்ணெடுக்காம பாத்துக்கிட்டுல்லா நிண்ணேன்."

"அப்ப நான் பொய்யா சொல்லுதேன்?"

அவன் பதறிவிட்டான். மறுபடியும் படத்தைப் பார்த்தான். பிறகு தலையில் அடித்துக்கொண்டான்.

"நான்தான் ஏமானே. நீங்க எண்ணும்ப, 'காலு நோவுதாடீ'ண்ணு மெல்லக் கேட்டேன். அதுக்காக்கும் திரும்பியிருப்பா. பாவி நான், வாயடக்கி நிண்ணிருந்தா அவ இதுல இருந்திருப்பா."

அவன் கேட்டது அன்று என் காதிலும் விழுந்தது. அவள் திரும்பவில்லை. பதில்கூடச் சொல்லவில்லை.

அந்தச் சிவப்பு மை தண்ணீரில் கரையும். தகடு உள்ளே அலமாரியில்தான் இருந்தது. ஈரத்துணியால் ஒருமுறை துடைத்திருந்தால் அவள் அவன் கண்முன் நின்றிருப்பாள்.

"இனியாவது வாய வச்சுக்கிட்டு சும்மா இரி" என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

அதற்குப் பிறகும் பல வருடம் அவன் எங்கள் பனைகளில் ஏறினான். அவன் யாரிடமும் அதிகம் பேசி நான் பார்த்ததில்லை.