கை விடக் கூடாத இடம்

சிங்க்கின் வடிகட்டியைக் கழற்றி, உள்ளங்கையில் கவிழ்த்து, விரலால் ஒரு தடவை அளைந்து பார்த்த பிறகுதான் அவள் வாளியில் தட்டுவாள். முட்டை ஓடு, வெங்காயச் சருகு, தேயிலைச் சக்கை, ஊறிப்போன ரொட்டி விளிம்பு என்று ஒவ்வொன்றையும் விசாரித்துத்தான் அனுப்பும் அந்த விரல். பிறகு பழைய செய்தித்தாளில் பொட்டலமாக மடித்து, நாலு மாடி இறங்கி, வாசலில் இருக்கும் பெரிய தொட்டியில் போட்டுவிட்டு வருவாள். அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அவள் சமையலறைக் குழாய் அடைத்துக்கொண்டதில்லை. பக்கத்து வீட்டுக்கு அடைப்பெடுக்க ஆள் வருகிற அன்று மட்டும் வேண்டுமென்றே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பாத்திரம் கழுவுவாள்.

வேலையில் வந்த பழக்கம் இது. பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் அழுக்குத் துணி பிரிக்கிறாள். பையைத் துழாவாமல் ஒரு சட்டையும் அவளைத் தாண்டி மெஷினுக்குள் போகாது. கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் செக்போஸ்ட். நேற்றுச் சேர்ந்த பெண்கூட "செக்போஸ்ட் அக்கா" என்றுதான் கூப்பிடுகிறாள். இவளும் கொஞ்சம் நிமிர்ந்தே திரும்பிப் பார்க்கிறாள். சாவி, மோதிரம், கசங்கிய காதல் கடிதம் எல்லாம் அவள் கையில் சிக்கியிருக்கின்றன. ஒருமுறை தலையணை உறைக்குள் ஒரு பல்செட் கிடந்தது. "பாவம், சிரிப்பையே மறந்துட்டுப் போயிட்டாரு மனுஷன்" என்று காகிதத்தில் சுற்றி வரவேற்பறைக்கு அனுப்பிவைத்தாள்.

வீட்டு வடிகட்டியிலும் அகப்பட்டவை உண்டு. அவளுடைய தோட்டுத் திருகாணி, மகனுடைய சட்டைப் பித்தான், பள்ளி வேன் ஓட்டும் கணவர் ரொட்டிக்குள் செருகித் தட்டில் விட்டிருந்த ரத்த அழுத்த மாத்திரை. மாத்திரை அகப்பட்ட அன்று அவள் சத்தம் போடவில்லை. கரைந்தது போக மிச்சமிருந்ததை ஒரு சாசரில் வைத்து, பக்கத்தில் புதிதாக ஒன்றையும் வைத்து, அவர் முன்னால் நகர்த்தினாள். இப்போதெல்லாம் அவர் விழுங்கிவிட்டுத் தானாகவே வாயைத் திறந்து காட்டுகிறார்.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் மகன் அரவை மெஷின் கொண்டுவரப் பார்த்தான். சமையலறைச் சாமான்கள் விற்கும் கடையில் அதை விளக்கி விற்பதும், வாங்குகிறவர்கள் வீட்டுக்குப் போய் மாட்டித் தருவதும் அவன்தான். சிங்க்குக்கு அடியில் குடம் மாதிரி உட்கார்ந்துகொண்டு, மிச்சம் மீதியை எல்லாம் கூழாக்கித் தண்ணீரோடு அனுப்பிவிடுமாம். வாளி வேண்டாம், நாற்றம் வேண்டாம், படி இறங்க வேண்டாம். கடைசியாகச் சொன்னதில்தான் அவன் அழுத்தம் கொடுத்தான். முழங்கால் வலியை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் படிக்கட்டுத் திருப்பத்தில், பொட்டலத்தைக் கை மாற்றுகிற சாக்கில் அவள் நிற்பதை அவன் பார்த்திருந்தான்.

"அரைக்கிற மெஷின்னா உள்ள போட்டது ஏதாவது ஒண்ணா வெளிய வரணும். இதுல போனது போனதுதானா?" என்று கேட்டாள். கணவரைக் கேட்டதற்கு, "போடலாம்தான்" என்றார். அவள் பார்த்த பார்வையில், "போடாமலும் இருக்கலாம்" என்று சேர்த்துக்கொண்டார். மாத்திரை விஷயத்தில் மெஷின் யார் கட்சி என்று மனதுக்குள் கணக்குப் போட்டிருப்பார்.

வேண்டாம் என்று ஒரே போடாகப் போட்டுவிட அவளால் முடியவில்லை. அதற்கும் காரணம் அவள் பெருமைதான். சலவைப் பிரிவில் மகன் புராணம் பாடாத நாளில்லை. அவன் மாட்டினால் ஒரு சொட்டு ஒழுகாது, அவன் போன வீட்டிலிருந்து இன்றுவரை ஒரு புகார் வந்ததில்லை. கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன இஸ்திரிக்காரி ஒருநாள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "ஊருக்கெல்லாம் மாட்டுறான், சரிக்கா. பெத்தவ வீட்டுல ஏன் இல்ல?" என்றாள். செக்போஸ்ட் ஒரு போர்வையை மடித்ததையே திரும்பவும் மடித்தாள்.

அன்று சாப்பிடும்போது மகனும் அதே இடத்துக்குத்தான் வந்தான். வருகிறவர்கள் எல்லாம் கடைசியில் கேட்பது, உங்கள் வீட்டில் இருக்கிறதா என்பதுதானாம். இருக்கிறது என்றால் உடனே வாங்கிவிடுவார்களாம். "நீ என்னடா சொல்லுவ?" என்றாள். "பேச்சை மாத்திடுவேன்" என்றான் தட்டைப் பார்த்துக்கொண்டே. பிள்ளை பொய் சொல்லவில்லை என்பதில் அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. தன்னால் அவன் பேச்சை மாற்ற வேண்டியிருக்கிறதே என்பது கால் செருப்புக்குள் கல் மாதிரி உறுத்தியது.

விடுமுறை நாளில் யாரிடமும் சொல்லாமல் அவன் கடைக்குப் போனாள். உள்ளறையில் ஒரு சிங்க்கைப் பொருத்தி வைத்து, மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெண்ணுக்கு மெஷினை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். ஆரஞ்சுத் தோல் உள்ளே போயிற்று, ஒரு உறுமல், தண்ணீர் தெளிவாக இறங்கியது. அம்மாவைப் பார்த்தான். பேச்சு தடுமாறவில்லை. அவன் பேசுகிற அழகை அவள் அன்றைக்குத்தான் நேரில் பார்க்கிறாள். கைப்பையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு வாடிக்கையாளர் மாதிரி பக்கத்தில் போய் நின்றாள்.

"ஸ்பூன் விழுந்துட்டா?" என்று கேட்டாள்.

"ஸ்விட்சை அணைச்சிட்டு இடுக்கியால எடுக்கணும்மா. கையை மட்டும் விடவே கூடாது."

கடைக்கு வருகிற எல்லோரையும் அவன் அம்மா என்றுதான் கூப்பிடுவான். கண்ணாடிக்காரிக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"மாத்திரை மாதிரி சின்னதா ஏதாவது விழுந்தா?"

"அரைச்சிடும்மா. போனதே தெரியாது." கொஞ்சம் நிறுத்தினான். "மெஷினுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி நாமதான் பார்க்கணும்."

அவள் தலையாட்டினாள். சலவைப் பிரிவில் புதிதாக வருகிறவர்களுக்கு அவள் சொல்லிக்கொடுக்கிற பாடமும் அதுதான்.

கண்ணாடிக்காரி கடைசிக் கேள்விக்கு வந்தாள். "உங்க வீட்டுல இருக்காப்பா?"

அம்மா பக்கத்தில் நிற்கும்போது பேச்சை மாற்ற அவனுக்கு வாய் வரவில்லை போலிருக்கிறது. "இல்லைங்க" என்றான். "எங்கம்மா எல்லாத்தையும் கையால பாத்துதான் அனுப்புவாங்க. எங்க வீட்டுக் குழாய் அடைச்சதே இல்ல."

விற்கிற குரலில் அவன் அதைச் சொல்லவில்லை. இஸ்திரிக்காரியிடம் அவள் அவனைப் பற்றிப் பேசுவாளே, அந்தக் குரல். கண்ணாடிக்காரி கைப்பையின் ஜிப்பை மெல்ல இழுத்து மூடத் தொடங்கினாள்.

செக்போஸ்ட் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "எங்க வீட்டுல வர்ற சனிக்கிழமை மாட்டுறாங்க" என்று அவளிடம் சொன்னாள். "இந்தத் தம்பிதான் வருது. இது மாட்டினா ஒரு சொட்டு ஒழுகாது."

ஜிப் பாதியில் நின்றது.

"நிஜமாவாம்மா?" என்றான் மகன்.

சிங்க்கின் விளிம்பில் ஒரு துண்டு ஆரஞ்சுத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அதை விரலால் வழித்துத் துளைக்குள் தள்ளினாள். துளை வாயிலிருந்த ரப்பர் வளையத்தைத் தொட்டதும் விரலை வெளியே இழுத்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் அறையை விட்டு வெளியே போனாள்.