ஜெரூஷாவின் இடது காது

பார்சல் வந்தபோது ஜெரூஷா சேலையூர் வீட்டில் தனியாக இருந்தாள். அப்பா ஏசுதாசனும் அம்மா ஞானசௌந்தரியும் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்காகப் படப்பை போயிருந்தார்கள். பெட்டியைக் கத்தரியால் கிழித்துப் பிரித்தாள். உள்ளே பெயர் எதுவும் அச்சிடாத வெள்ளை லேபிளோடு ஒரு கறுப்பு இசைத்தட்டு. அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவளுக்குத் தரக்கட்டுப்பாட்டு வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சபையில் கீபோர்டு வாசிப்பாள். சனிக்கிழமைகளில் நகரத்து ஓட்டல் கிளப்புகளில் டீஜே. மூன்றையும் ஒருத்தியே செய்கிறாள் என்றால் ஆபீசில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். அவளும் கல்லூரித் தோழன் ஹரிபிரசாத்தும் சேர்ந்து, பெங்களூரில் தெரிந்த ஓர் இசைக்குழுவின் ஃபங்க் பாட்டை அவர்கள் சம்மதத்தோடு வாங்கி, கிளப்புகளில் ஆடும் ஹவுஸ் தாளத்துக்கு மாற்றி ரீமிக்ஸ் செய்திருந்தார்கள். அதை டீஜேக்களுக்காக வினைல் இசைத்தட்டிலேயே போடுவது என்று முடிவு. வெளிநாட்டு ஆலை ஒன்று ஒத்துக்கொண்டது. மொத்தமாக அச்சடிப்பதற்கு முன்னால் ஆளுக்கொரு சோதனைத் தட்டு அனுப்புவார்கள். கேட்டுப் பார்த்து "சரி" என்று சொன்னால்தான் மிஷின் ஓடும். தாளம் கோப்பது ஹரியின் வேலை. கடைசியாகக் கேட்டுச் சரி பார்ப்பது எப்போதும் ஜெரூஷாதான். "உன் காதுல தப்பிச்சு ஒண்ணும் போகாது" என்பான் அவன்.

தட்டை வைத்து, ஊசியை இறக்கி, ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். பேஸ் கிடார் வந்தது. அடுத்து டிரம்ஸ். இடது பக்கம் மட்டும் ஏதோ சரியில்லை. டிரம்ஸின் ஹைஹேட் தாளத்தட்டுக்கு உரிய கூர்மையே இல்லாமல், யாரோ போர்வைக்குள் உட்கார்ந்து வாசிப்பது போல மங்கலாக வந்தது. அதற்கு அடியில் மெல்லிய ஓர் இரைச்சல். தட்டைத் துடைத்தாள். ஊசி முனையைத் தூரிகையால் சுத்தம் செய்தாள். ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகினாள். மாற்றமில்லை. ஆலைக்காரர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று கோபம் வந்தது.

தப்பு தட்டிலா ஹெட்போனிலா என்று பார்க்க, ஹெட்போனைத் திருப்பி மாட்டினாள். இடது குமிழ் வலது காதில், வலது குமிழ் இடது காதில். அப்படியானால் மங்கல் வலது பக்கம் போயிருக்க வேண்டும்.

போகவில்லை. இடது காதிலேயே இருந்தது.

ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தாள். தட்டு சுழன்றுகொண்டிருந்தது, இரைச்சல் நிற்கவில்லை. அது தட்டிலிருந்து வரவில்லை. அவளுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. காலையில் எழுந்ததிலிருந்தே இடது காது மலைப்பாதையில் பஸ் ஏறும்போது அடைப்பது போல அடைத்துத்தான் இருந்தது. குளிக்கும்போது தண்ணீர் போயிருக்கும் என்று விட்டுவிட்டாள். இப்போது அப்படித் தோன்றவில்லை. மூக்கைப் பிடித்துக் காற்றை அழுத்தினாள். தலையைச் சாய்த்துத் தட்டினாள். போனை எடுத்து இடது காதில் வைத்து அம்மாவுக்கு அடித்தாள். அம்மா பேசுவது, பக்கத்து வீட்டுச் சுவருக்குப் பின்னால் யாரோ முணுமுணுப்பது போலிருந்தது.

"ஒண்ணுமில்லம்மா, சும்மாதான் பண்ணேன்" என்று வைத்துவிட்டாள்.

சற்று நேரத்தில் ஹரி கூப்பிட்டான். அவனுக்கும் தட்டு வந்திருந்தது. "கேட்டியா ஜெரூ? சும்மா அள்ளுது. ஓகேன்னு மெயில் போட்டுடட்டா?"

"வேணாம். லெஃப்ட்ல பிரச்சினை கீது" என்றாள். அவனிடம் பேசும்போது அவன் பேச்சு அவளுக்கும் ஒட்டிக்கொள்ளும். "ஹைஹேட் எல்லாம் மங்கலா வருது. சரியா அடிக்கல அவங்க."

"என் காப்பியில நல்லாத்தான் கீது?"

"நான் கேட்டுட்டுச் சொல்றேன் இரு."

ஏன் பொய் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வாயால் சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று ஒரு பயம். நாளைக்குச் சரியாகிவிடும் என்று நினைத்துப் படுத்தாள். மறுநாளும் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. சளி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டாள். ஆபீசில் யார் கூப்பிட்டாலும் எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியாமல் வலது பக்கமே திரும்பினாள். உலகம் முழுக்க ஒரே பக்கம் நகர்ந்து போய்விட்டது போலிருந்தது.

அந்த வாரம் ஒரு நாள் மாலை ஆபீஸ் வண்டியிலிருந்து இறங்கி, ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்க நின்றாள். ஹாரன் சத்தம் கேட்டது. வலது பக்கம் பார்த்தாள். ரோடு காலியாக இருந்தது. காலை எடுத்து வைத்தாள். யாரோ ஒரு பூக்காரம்மா அவள் துப்பட்டாவைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். எதிர்த்திசையில், ரோட்டோரமாகவே வந்த லாரி ஒன்று இடது பக்கமிருந்து முகத்துக்கு நேரே உரசிக்கொண்டு போனது. அந்தக் காற்றில் அவள் தலைமுடி கலைந்தது.

"காது கேக்கலியாம்மா ஒனக்கு?" என்றாள் பூக்காரம்மா. கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

ஜெரூஷா ரோட்டோரத்திலிருந்து பின்வாங்கினாள். பக்கத்துக் கடை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் ஹரி கூடுவாஞ்சேரியிலிருந்து தன் தட்டையும் எடுத்துக்கொண்டு ரயிலேறி வந்தான். ஆலைக்காரர்கள் வார இறுதிக்குள் பதில் கேட்டிருந்தார்கள்; விட்டால் வரிசையில் பின்னால் தள்ளிவிடுவார்கள். இரண்டு தட்டுகளையும் அவள் அறையில் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டான். ஹெட்போனைக் கழற்றி அவளைப் பார்த்தான்.

"ரெண்டும் ஒண்ணுதான் ஜெரூ. எங்க மங்கலா வருதுன்ற?"

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தட்டுல இல்லடா. எனக்கு லெஃப்ட் காது கேக்கல."

அவன் ஒன்றும் கேலி பேசவில்லை. "எப்லேர்ந்து?" என்றான். சொன்னாள். "இவ்ளோ நாளா இன்னாத்துக்கு என்கிட்ட மறைச்ச?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனை எடுத்துப் பக்கத்தில் காது டாக்டர் யார் இருக்கிறார் என்று தேட ஆரம்பித்தான்.

டாக்டர் சின்மயி குரோம்பேட்டையில் சின்ன கிளினிக் வைத்திருந்தார். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். அழுக்கு இல்லை, சளி இல்லை. கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். வலது காதுக்கு டக்டக்கென்று அழுத்தினாள். இடது காதுக்கு மாற்றினார்கள். ஜெரூஷா காத்திருந்தாள். கண்ணாடிக்கு வெளியே, பரிசோதனை செய்யும் பெண் எதையோ திருகிக்கொண்டே இருந்தாள். அப்படியென்றால் சத்தம் போய்க்கொண்டிருக்கிறது. தனக்குத்தான் வரவில்லை. பட்டனின் மேல் கட்டைவிரலை வைத்தபடி, எதுவுமே இல்லாத அந்த இருட்டுக்குள் உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த அறையில் பட்ட பயம் அவள் வாழ்க்கையில் அதற்கு முன் பட்டதில்லை.

"உள்காது நரம்புல வர்ற பிரச்சினை இது" என்றார் டாக்டர். "திடீர்னு வரும். காரணம் பெரும்பாலும் தெரியாது. முதல் நாளே வந்திருந்தா இன்னும் நல்லாருந்திருக்கும். ஆனா இன்னும் நேரம் கடந்துடல. மாத்திரை தரேன். செவிப்பறை வழியா ஊசியும் போடணும்."

"திரும்ப வந்துடுமா டாக்டர்?"

"சிலருக்கு முழுசா வரும். சிலருக்குப் பாதி. சிலருக்கு வராது. நான் பொய் சொல்ல விரும்பல."

"இன்னொரு காது?"

"அதுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மி" என்றார். இல்லை என்று சொல்லவில்லை. ஜெரூஷா அதைக் கவனித்தாள்.

வீட்டில் சொல்ல வேண்டி வந்தது. அப்பா எழுந்து போய்க் கொஞ்ச நேரம் மொட்டை மாடியில் நின்றுவிட்டு வந்தார். அம்மா, "அந்தக் கிளப்பு சத்தந்தான்" என்று ஆரம்பித்து, மகளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அன்றிலிருந்து சாப்பாட்டு மேஜையில் அம்மா தானாகவே வலது பக்க நாற்காலிக்கு மாறிக்கொண்டாள்.

ஊசி போட்ட நாட்களில் தலை சுற்றியது. சில நாள் கழித்துக் காதில் ஏதோ திறந்த மாதிரி இருந்தது. குழாயில் தண்ணீர் விழுவது இடது பக்கமும் கேட்டது. சந்தோஷத்தில் கீபோர்டை இழுத்து வைத்து ஒரு கட்டையை அழுத்தினாள். இரண்டு சுரங்கள் கேட்டன. வலது காதுக்கு ஒன்று, இடது காதுக்கு அதைவிடக் கொஞ்சம் கீழே இன்னொன்று. வேறொரு கட்டையை அழுத்தினாள். அதுவும் இரண்டாகப் பிளந்தது. கேட்காமல் போனதைவிட இது அவளை அதிகம் பயமுறுத்தியது. இனி சங்கீதமே தனக்கு இப்படித்தானா என்று நினைத்துக் கீபோர்டின் சுவிட்சை அணைத்தாள். அந்த ஞாயிறு சபைக்குப் போகவில்லை. பாடகர் குழுவின் பாட்டு எப்படிக் கேட்கும் என்று தெரிந்துகொள்ள அவளுக்குத் துணிவில்லை.

ஆலைக்காரர்கள் கேட்ட வார இறுதிக்குள் தட்டுக்கு ஹரிதான் சம்மதம் கொடுத்திருந்தான். கொடுக்கும் முன் அவளிடம் கேட்டான். "நீ சொல்லாம நான் இதுவரைக்கும் எதையும் அனுப்புனதில்ல" என்றான்.

"இப்ப நீதான் சொல்லணும்" என்றாள்.

வாரங்கள் போயின. பிளந்த சுரங்கள் மெல்ல மெல்ல நெருங்கி வந்து ஒட்டிக்கொண்டன. கீழ்ச் சுரங்கள் திரும்பின. மேலே உள்ளவை வரவில்லை. கடைசிப் பரிசோதனையில், கேட்கும் திறனைக் காட்டும் கோடு பாதி வரை நேராக வந்து, அப்புறம் கிணற்றில் விழுவது போல இறங்கியது. "இது இவ்வளவுதான்னு நினைக்கிறேன்" என்றார் டாக்டர். "சத்தமான இடத்துக்குப் போனா காதடைப்பான் இல்லாம போகாதீங்க. ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம்."

அச்சடித்த தட்டுகள் வந்து சேர்ந்தன. அதை முதலில் போடுவதற்கு ஈ.சி.ஆர். கடற்கரை ஓட்டல் ஒன்றில் ஞாயிறு சாயங்காலம் இடம் கிடைத்தது. வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னாள். பிறகு போனாள்.

டீஜே ஒரு காதில் அடுத்த பாட்டைக் கேட்பாள், இன்னொரு காதை அரங்கத்துக்குத் திறந்து வைப்பாள். இரண்டையும் கேட்டுத்தான் தாளத்தோடு தாளம் கோக்க முடியும். ஜெரூஷாவுக்கு இப்போது அந்த இரண்டாவது காது பாதிதான். அதனால் பாட்டுகளைக் கலக்கும் மிக்ஸரில் ஒரு குமிழைத் திருப்பி, ஓடுகிற பாட்டையும் வரப்போகிற பாட்டையும் வலது காதுக்குள்ளேயே கலந்து கொண்டுவந்தாள். வீட்டில் பழகிய வித்தைதான். இரண்டு பாட்டுகளின் பேஸ் டிரம் அடிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும்வரை மூச்சு விடவில்லை. விழுந்தன. எதிரே ஆடிக்கொண்டிருந்தவர்கள் யாரும் எதையும் கவனிக்கவில்லை.

தங்கள் ரீமிக்ஸ் தட்டைப் போட்டபோது ஹரி இடது பக்கம் வந்து நின்று ஏதோ சொன்னான். அவள் திரும்பவில்லை. அவன் சுற்றி வந்து வலது பக்கம் நின்று மறுபடி சொன்னான். "நல்லா கீது."

"தெரியும்" என்றாள்.

டாக்டர் சொன்ன நேரம் ஆனதும் இறங்கிவிட்டாள். இப்போதும் மாதத்துக்கு ஓரிரு முறை டீஜேயாகப் போகிறாள். சபையிலும் மறுபடி கீபோர்டு வாசிக்கிறாள். இரண்டாவது ரீமிக்ஸ் பாதி முடிந்திருக்கிறது. மேல் சுரங்களை ஹரி கேட்டுச் சொல்கிறான். ஆனால் காலையில் கண் விழித்ததும், எழுந்து உட்காரும் முன்னால், வலது காதுக்குப் பக்கத்தில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உரசிப் பார்ப்பாள். அந்த மெல்லிய சரசரப்பு கேட்கும்வரை படுக்கையை விட்டு அசைய மாட்டாள்.