எல்லோருக்காகவும் பந்தெறிந்த அப்பா

எங்கள் அப்பா மன்னாரில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் விடுதியில் தங்கிப் படித்து, கல்லூரிக் கூடைப்பந்து அணியில் இரண்டு வருடம் ஆடியவர். ஆடியதைவிட வாங்கில் இருந்ததுதான் அதிகம் என்று அம்மா திருத்துவார். சண்டைக் காலத்தில் இத்தாலியின் பலெர்மோ நகருக்கு வந்து, சீசாப் பகுதியில் குடியேறி, லிபெர்த்தா வீதியில் சிஞ்ஞோரா என்று அவர் அழைத்த வயோதிப யூத அம்மையார் ஒருவரை ஒன்பது வருடம் பராமரித்தார்.

அந்த வீட்டில் தூசி தட்டும்போதுதான் சுவரில் பழைய கூடைப்பந்து அணிப் படமொன்றைக் கண்டார். நடுவில் பந்தோடு இருந்தவர் சிஞ்ஞோராவின் தகப்பனார். நூறு வருடங்களுக்கு முன் அமெரிக்கக் கல்லூரியொன்றில் விளையாடிய தையற்காரர் மகன். அன்று அப்பா வேலையால் வந்ததும் வராததுமாக என்னிடம் சொன்னார்:

"யூதன் எண்டு முதல் வருசம் அந்த மனிசனுக்கு ஒருத்தரும் பந்து குடுக்கேல்லையாம், பிள்ளை. ஆனா அந்தக் காலத்துச் சட்டப்படி, ஆருக்கு ஃபவுல் நடந்தாலும் அதுக்குக் கிடைக்கிற எல்லா எறியும் அணியிலை ஒரே ஆளே எறியலாம். இவரின்ரை எறி தப்பாது. தன்னைத் தள்ளி வைச்சவைக்காகவும் எறிஞ்சவர். கடைசி வருசம் அவரைத்தான் கப்டனாக்கினவையாம்."

அந்தக் கதை அப்பாவைப் பிடித்துக்கொண்டது. யாருடைய பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, காலாவதியானாலும், "இதுவும் ஃபவுல்தான், நான் எறியிறன்" என்று குவெஸ்தூரா பொலிஸ் அலுவலக வரிசைக்குக் கிளம்பிவிடுவார். கீழ்வீட்டு றெஜினா மாமி பதினாறு வருடம் இந்த ஊரில் இருந்தும் எந்த அலுவலகத்திலும் வாய் திறந்ததில்லை. அதுதான் அப்பா இருக்கிறாரே. வீட்டில் சோறு ஆறும், அம்மா ஏசுவார். என் பள்ளிக்கூட விழாக்கள் இரண்டுக்கு அவர் வரவேயில்லை. அந்தக் கோபம் எனக்கு நெடுநாள் இருந்தது.

நோயில் படுத்தபோது அப்பா சாவுக்குப் பயப்படவில்லை. வேறொன்றுக்குப் பயந்தார். "எல்லாத்தையும் நானே எறிஞ்சு பிழை விட்டிட்டன், பிள்ளை. இப்பத்தைய சட்டத்திலை ஃபவுல் பட்ட ஆள்தான் எறியவேணும். நான் போனா இவை என்ன செய்வினம்?"

அதன்பின், பார்க்க வந்தவர்களைக் கட்டிலருகே இருத்தி, அவரவர் படிவத்தை அவரவரே நிரப்பவைத்தார். றெஜினா மாமி மட்டும் பேனையைத் தொடவில்லை. "எனக்கு வராது அண்ணை" என்று அழுதார். அப்பா அன்று முழுக்கக் கவலையாக இருந்தார்.

அவர் கண்மூடிய மறுநாள், இறப்பைப் பதிய கொமூனே என்னும் நகரசபை அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக்கு அப்பால் இருந்தவர் அப்பாவின் பெயரைக் கேட்டார். நான் கடதாசிகளைப் புரட்டிக்கொண்டே நின்றேன். கூடவந்த றெஜினா மாமி என் கையிலிருந்த கடதாசிகளை வாங்கிக்கொண்டார்.

"நீ இரு பிள்ளை. நான் கதைக்கிறன்."

ஒரு வருடம் ஓடிவிட்டது. ஆஸ்பத்திரியில் முறைவைத்து நின்றவர்கள், கபோச் சந்தையில் மீன் வாங்கிச் சமைத்து எங்களுக்கு ஊட்டியவர்கள், செபமாலை சொல்ல வந்தவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. போன மாதம் மாமி தன் பெர்மெஸ்ஸோவைத் தானே போய்ப் புதுப்பித்து வந்தார். தெரு முனையில் புதிதாகக் குடிவந்த பெண்ணொருத்தியையும் கூட்டிப் போயிருந்தார். அவளையே கதைக்கவிட்டுத் தான் பின்னால் நின்றாராம்.

அப்பா, நீங்கள் பயந்தது நடக்கவில்லை.