ரெஜினா அக்காவுக்குக் கல்வெட்டு வேண்டாம்

ரெஜினா அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் பாடி மேம்பாலத்தடியில் பேருந்தில் சிக்கிக் கிடந்தேன். பூந்தமல்லிக் கோயில் திருப்பணிக் குழுவின் மூர்த்திதான் அழைத்தார். "அக்கா காலைல தவறிட்டாங்க சார்," என்றவர், நான் வாய் திறப்பதற்குள், "அவங்களுக்குப் பெருசா எதனா செய்யணும்," என்றார். அந்தப் 'பெருசா' எனக்கு அப்போதே உறுத்தியது.

உங்களில் பலர் அக்காவிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள். ஆவடி தொழிற்சாலையில் நம்மோடு தரச் சோதனைப் பிரிவில் இருந்தவர். ஞாயிறு பூசை முடிந்ததும் பூந்தமல்லிக்குப் பேருந்து ஏறிவிடுவார். கோயிலோ, தர்காவோ, தேவாலயமோ, பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கிறேன் என்று எவரும் கிளம்பினால் அவருக்குத் தூக்கம் வராது.

அங்கே தர்காவின் சுண்ணாம்புச் சுவருக்குப் பச்சை எனாமல் பெயின்ட் அடிக்கப் போனார்கள். "பாய், ஈரம் உள்ளயே நின்னு செவுரு உதுந்துடும்," என்றார் அக்கா. "இன்னா மேடம் நீங்க, துபாய்ல கீற புள்ள ஆசையா அனுப்புன காசுல வாங்குனது," என்று சிரித்தார் பொறுப்பாளர். அடித்தார்கள். அடுத்தடுத்த மழையில் சுவர் பொரிந்து உதிர்ந்தது. "பக்தி கீது, சுண்ணாம்பு தெரிஞ்ச கொத்தனார்தான் இல்ல," என்று அக்கா பல நாள் புலம்பினார்.

சொந்தத் தேவாலயத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. பழைய மர உத்தரங்களை மறைத்துப் பொய்க்கூரை போட்டபோது, "ஃபாதர், மேல கரையான் தின்னா கீழ இருந்து யாரு பார்ப்பாங்க?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். பாடகர் குழுவிலிருந்து அவரை விலக்கினார்கள். கூரை அப்படியேதான் இருக்கிறது.

அவர் ஜெயித்தது ஒரே இடத்தில். குடமுழுக்குக்காகக் கோயில் பிரகாரச் சுவரில் மணலைப் பீய்ச்சியடித்துச் சுத்தம் செய்ய ஆள் வந்திருந்தது. அந்தச் சுவர் முழுக்கப் பழைய கல்வெட்டு எழுத்து. அக்கா மூர்த்தியை டியூப் லைட்டுக்குக் கீழே இழுத்து வந்தார். "இதுல உபயம்னு எழுதிக்கிற பேர நான் சொரண்டிட்டா சும்மா உடுவியா? அந்தச் செவுத்துல பேரு கீறவரும் அந்தக் காலத்துல கோயில் வெளக்குக்குத்தான் குடுத்தாரு." மூர்த்தி யோசித்தார். இயந்திரத்தைத் திருப்பி அனுப்பினார்.

அதே மூர்த்தி, அக்காவுக்காக ஊரெல்லாம் வசூல் செய்து ஒரு கருங்கல் பலகை செய்துவிட்டார். பளபளவென்று, தங்க எழுத்தில் அக்காவின் பெயர். அதை மாட்டும் நாளில் நான் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது கொத்தனார் அந்தப் பழைய எழுத்துகளின் மேலேயே துளை போடக் குறி வைத்துக்கொண்டிருந்தார். "அவங்க காப்பாத்துன செவுத்துலயே அவங்க பேரு. எப்டி சார்?" என்றார் மூர்த்தி. அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இத்தனை வருடம் அந்த மனுஷி தொண்டை கிழியக் கத்தியது இவர்களில் ஒருவர் காதிலும் ஏறவில்லையே.

சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன். "அக்கா மேல உங்களுக்குப் பாசமே இல்லியா சார்?" என்று கேட்டார் மூர்த்தி. நான் நகரவில்லை. கொத்தனார் துளை போடும் இயந்திரத்தைப் பைக்குள் வைக்கும்வரை நகரவில்லை.

பலகைக்குக் கொடுத்தவர்கள் உங்களிலும் உண்டு. என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டீர்கள். மாட்ட இடமில்லாமல் போன பலகை இப்போது அயனம்பாக்கத்தில் என் வீட்டு பால்கனியில் கிடக்கிறது. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும் உங்கள் கோபமும்தான். இரண்டையும் நானே வைத்துக்கொள்கிறேன்.