கறுப்பிக்கு எழுதிய டிரஸ்ட்

நியூ ஜெர்சியின் எடிசன் நகரில் மயக்க மருந்து டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் ராஜலக்ஷ்மி. கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. வீட்டில் கறுப்பி என்ற நாய் மட்டும். தங்கை மகன் சேனாபதி பக்கத்து ஊரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். பெரியம்மாவுக்குப் பின் அந்த வீட்டுக்கு என்ன நிறத்தில் பெயின்ட் அடிப்பது என்பதுவரை முடிவு செய்து வைத்திருந்தவன்.

தனக்குப் பிறகு நாயை யார் பார்ப்பார்கள் என்பதுதான் ராஜலக்ஷ்மியின் கவலை. நாய்க்காகப் பணத்தை ஒதுக்கி டிரஸ்ட் எழுதினால் இந்த மாநிலத்தில் அது கோர்ட்டில் நிற்காது என்று வக்கீல் சொல்லிவிட்டார். யாரிடமாவது பணத்தைக் கொடுத்து, அவர் மனதை நம்ப வேண்டியதுதான். வேறு ஆளில்லாமல் சேனாபதியை நம்பினார்.

இரண்டாயிரமாவது ஆண்டில் இடுப்பு ஆபரேஷனுக்குப் போனபோது கறுப்பியை அவனிடம் விட்டார். அவன் அதை நாய்கள் காப்பகத்தில் தள்ளிவிட்டு, ஓடிப்போய்விட்டது என்று ஆஸ்பத்திரிக்கு வந்து கண்கலங்கினான். ராஜலக்ஷ்மி, தன்னோடு வேலை பார்த்த நர்ஸ் ஜெயசெல்வியின் காரில், வாக்கரோடு காப்பகம் காப்பகமாக ஏறி இறங்கி நாயைக் கண்டுபிடித்தார். கொண்டுவந்து விட்டது யார் என்று அங்கே சொன்னார்கள். அவனிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு பொய்யை உட்கார்ந்து கேட்க வேண்டும்.

அடுத்த ஆண்டு சட்டம் மாறியது. வளர்ப்புப் பிராணிக்கு எழுதும் டிரஸ்ட் இனி செல்லும். பொறுப்பாளர் ஏமாற்றினால் கோர்ட்டுக்குப் போகலாம். அந்தக் கோடையிலேயே ராஜலக்ஷ்மி ஜெயசெல்வியைப் பொறுப்பாளராக்கிக் கையெழுத்துப் போட்டார். கறுப்பி இருக்கும்வரை வீட்டை விற்கக் கூடாது. பிறகு வீடு அந்தக் காப்பகத்துக்கு.

பெரியம்மா டிரஸ்ட் எழுதப் போகிறார் என்று மட்டும் சேனாபதியின் காதில் விழுந்தது. அடுத்து நாய்க்கு கிரீன் கார்டும் அப்ளை பண்ணுவார் என்று கோயில் கேன்டீனில் நின்று ஆட்களைச் சிரிக்க வைத்தான். பொறுப்பாளருக்குச் சம்பளம் உண்டு என்று யாரோ சொன்னார்கள். மறுநாளே நாய் பிஸ்கட் டின்னோடு வந்து நின்றான்.

"வெளி ஆள் எதுக்கு பெரியம்மா? நானே டிரஸ்டியா இருந்து டேக் கேர் பண்றேன்."

ராஜலக்ஷ்மி கழுத்து வாரையும் ஒரு பிளாஸ்டிக் பையையும் நீட்டினார். "முதல்ல வாக்கிங் கூட்டிட்டுப் போ."

இலையுதிர் காலம் முழுக்க, ஆபீஸ் சட்டையோடு அவன் கறுப்பியின் பின்னால் போய், அது தெருவில் போட்டதைக் குனிந்து குனிந்து பையில் அள்ளினான். தெருவே பார்த்தது. கடைசியில் பொறுக்க முடியாமல், எப்போது கையெழுத்து என்று கேட்டான்.

"ஆகஸ்ட்லயே போட்டாச்சு. ஜெயசெல்விதான் டிரஸ்டி."

"அப்ப என்னை ஏன் இத்தனை நாள் நடக்க வெச்சீங்க?"

"காப்பகத்துல உன் பேரைச் சொன்னாங்க. அது கூண்டுக்குள்ள கெடந்துச்சு. நீ வெளியிலதானே நடந்தே."

வாரை வாசலில் போட்டுவிட்டுப் போனவன் பிறகு வரவில்லை. டிசம்பரில் டெக்சாஸில் உள்ள ஆலன் என்ற ஊருக்கு வேலை மாறிப் போனான். பெரியம்மாவுக்கு மூளை பிசகிவிட்டது என்று அங்கே எல்லோரிடமும் சொல்லித் திரிகிறானாம். ஜெயசெல்வி வந்து இதைச் சொன்னபோது, ராஜலக்ஷ்மி டிவி சத்தத்தைக்கூடக் குறைக்கவில்லை.